நசீபாத்தாவின் ஒட்டுப்புல்

மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அழுத்திப் பார்த்து, வயிற்றை விரலால் தட்டிப் பார்த்த பிறகும் நசீபாத்தாவுக்குத் திருப்தி வருவதில்லை. "கையைக் காட்டு" என்பார். மீன்காரர் சலித்துக்கொள்ளாமல் வலது கையை நீட்டுவார். அதை மோந்து பார்ப்பார். மீனை ஐஸில் போட்டு, மருந்து தெளித்து, என்னென்னவோ வித்தை காட்டலாம். ஆனால் காலையிலிருந்து அதைத் தொட்டுக்கொண்டிருக்கிற கை பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. கை தேறினால் மீன் வீட்டுக்கு வரும். தேறாவிட்டால் "ஒரு சம்சயம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பார். மட்டாஞ்சேரியில் சந்தேகத்துக்கு அதுதான் பெயர்.

என்னை மட்டும் விட்டுவைப்பாரா? கொச்சங்காடியில் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். சொந்த ஊர் பாலக்காடு; பிராமணன், இந்த ஊர்ப் பேச்சில் பட்டர். கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். பெயர் வெங்கிடேஸ்வரன், அவருக்கு வெங்கிட்டு சார். வீடு கேட்டு வந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "மீன் வறுக்கற ஊட்டு மாடி பட்டருக்கு எந்துக்கு?" என்பதுதான். ஜன்னலில் காயல் காற்று வருகிறது என்றேன். "காத்து எல்லா எடத்துலயும்தான் வருது" என்றார். இன்றைக்கும் கீழே அயிலை வறுபடும் நேரத்தில் நான் தற்செயலாகப் படியிறங்கினால் அடுப்படி ஜன்னலில் அவர் முகம் தெரியும். "சாரே, வாசனை எப்படி?" என்பார். நான் திருட்டுத்தனமாக மீன் தின்கிறவன் என்ற முடிவிலிருந்து அவரை யாராலும் அசைக்க முடியாது. நான் முயற்சியை விட்டுவிட்டேன்.

உயரமான, ஒல்லியான பெண்மணி. நூல் சேலை, தோளைச் சுற்றி வெள்ளைத் துப்பட்டி, இடுப்பில் சாவிக்கொத்து. பூட்டிய பூட்டில் தொங்கிப் பார்க்காமல் வாசலைத் தாண்டமாட்டார். ஆட்டோவில் ஏறினால் ரோட்டைப் பார்ப்பதில்லை, ஓட்டுகிறவரின் கண்ணைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வருவார். யார் வீட்டில் சாயா கொடுத்தாலும் முதலில் மூக்குக்குத்தான் போகும், பிறகுதான் வாய்க்கு. மகள் லமியாவின் நிச்சயத்தன்று சொந்த அண்ணன் வீட்டில், சபை நடுவே, சர்பத்தை மோந்து பார்த்த பெண்மணி இவர் ஒருவராகத்தான் இருப்பார். அண்ணன் மனைவியின் முகம் போன போக்கை லமியா எனக்கு நடித்தே காட்டினாள்.

இந்த வருஷம் மழைக்கு முன் வந்த ஹஜ்ஜுப் பெருநாளில் ஆட்டு வியாபாரிகளும் இந்த மூக்கில் தேறவில்லை. உப்பைத் தின்னக் கொடுத்து, வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து எடையேற்றிவிடுவார்கள் என்று கொச்சியில் ஒரு ஆட்டைக்கூட அவர் நம்பவில்லை. பெண்ணுக்கு நிச்சயம் முடிந்த வருஷம். சம்பந்தி வீட்டுக்கு முழுத்தொடை அனுப்பவேண்டிய பெருநாள். மட்டமான கறி போய்ச் சேர்ந்தால் மானம் என்ன ஆவது? ஆகவே தானே ஒரு வண்டி பிடித்துப் பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லை வரைக்கும் போய், ஒரு விவசாயியின் தோட்டத்தில் நேரடியாக ஆட்டைப் பிடித்தார். கொச்சித் தீனியில் என்ன கலந்திருக்குமோ என்று, அது தின்று வளர்ந்த சோளத்தட்டையையும் கட்டுக்கட்டாக அதே வண்டியில் ஏற்றிவந்தார். பெருநாள் வரைக்கும் அதற்குக் காவலும் அவரே. வேறு யாராவது ஒரு இலையை நீட்டினால் "வேண்டா, வேண்டா" என்று எங்கிருந்தோ குரல் வரும்.

அவருக்குக் கணவர் விட்டுப்போனது இந்த வீடும், தெருமுனையில் ஒரு சரக்குக் கிடங்கும். கிடங்குக்கு ஓட்டுக் கூரை, பின்பக்கம் மதில் சூழ்ந்த முற்றம், முற்றத்தில் ஒரு பாதாம் மரம். கணவர் காலத்திலிருந்து அங்கே மலஞ்சரக்கு மட்டும்தான்: மிளகு, சுக்கு, ஏலக்காய் என்று மலையிலிருந்து இறங்குகிறவை. வற்றல் மிளகாய் மூட்டை வாசற்படி தாண்டக் கூடாது. அதன் நெடி சுவரில் ஏறிக்கொண்டால் பிறகு வருகிற சுக்கெல்லாம் மிளகாய் மணக்கும், வாங்க வருகிறவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு அடுத்த கிடங்குக்குப் போய்விடுவான்.

இந்த வருஷத் தொடக்கத்தில் கிடங்கை வாடகைக்கு எடுத்தவன் அன்சார். இடக்கொச்சியில் இருக்கும் நசீபாத்தாவின் அண்ணன் ஷௌகத் அலியின் மகன். லமியாவுக்கு நிச்சயித்திருப்பதும் அவனைத்தான். ஓணம் கழிந்து நிக்காஹ். சாவி கொடுக்கும்போது, வரப்போகிற மருமகன் என்றும் பாராமல் அவனைத் தன் கையைப் பிடிக்கவைத்துச் சத்தியம் வாங்கினார். "மலஞ்சரக்கு தவிர ஒண்ணும் உள்ள வராது மாமி" என்றான் அவன். நசீபாத்தா ஒரு சாவியைக் கொடுத்தார். இன்னொன்றைக் கொத்திலேயே வைத்துக்கொண்டார்.

கர்க்கடக மழை, நம் ஆடி மழை, சற்று விட்டிருந்த ஒரு நாள், அன்சார் இல்லாத நேரமாகப் பார்த்துக் கிடங்கைச் சுற்றிவிட்டு வந்த நசீபாத்தா சேலையை மாற்றும்போது ஓரத்தில் ஏதோ பிடித்து இழுத்தது. அணில்வாலைப் போலப் பச்சைக் கதிர். ஒன்றல்ல, ஓரம் முழுக்க. பிய்த்தால் சேலை நூலும் கூடவே வந்தது. அதில் ஒன்றைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

"சாரே, இது நம்ம மட்டாஞ்சேரிப் புல்லு அல்ல, கேட்டோ. அந்த முத்தத்துல மொளைக்கற ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும். இது வந்த புல்லு."

"வந்த புல்லா?"

"யாரோ கொண்டுவந்த புல்லு."

செடியைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலி ஒன்று என் போனில் இருந்தது. அது ஒரு பெயர் சொன்னது. கதிரைத் திருப்பிவைத்துப் படம் பிடித்தால் வேறு பெயர். நசீபாத்தா தன் துப்பட்டியைக் கதிருக்குப் பின்னால் விரித்துப் பிடித்தபோது மூன்றாவதாக ஒன்று. "ஒரே புல்லுக்கு மூணு பேரு. இதைக் கோர்ட்டுல சாட்சிக் கூண்டுல ஏத்தினா நிக்குமா?" என்று போனைத் திருப்பித் தந்துவிட்டார். எனக்கே அந்தச் செயலிமேல் கோபம் வந்தது.

என் தங்கை மகள் ஸாதனா எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறாள். படகேறிப் போனோம். படகில் போகும்போதே நசீபாத்தாவுக்கு ஒரு சம்சயம்: "உங்க ஆளு. நீங்க சொல்லச் சொன்னதைச் சொல்லுமோ?" நான் எதைச் சொல்லச் சொல்வேன், புல்லைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன்.

ஸாதனா கதிரைக் கண்ணருகில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். "மாமா, அடியிலேர்ந்து மேல்நோக்கி வெரலை விடுங்கோ." விட்டேன். பிடித்துக்கொண்டது. "இப்போ மேலேர்ந்து கீழே." வழுக்கிக்கொண்டு போனது.

"ஒட்டுப்புல்லாக்கும் இது. தினைக்குச் சொந்தம், ஆனா காட்டுப்புல். இந்த ஜாதியிலே மத்ததெல்லாம் நேர் எதிரா இருக்கும், கீழ்நோக்கி விட்டாத்தான் பிடிக்கும். இதோட முள்ளுல இருக்கற பல்லு மட்டும் தலைகீழ். அதனாலதான் துணியிலயும் ரோமத்திலயும் தொத்திண்டு ஊர் ஊராப் போறது."

"எந்த ஊரிலேர்ந்து?" நசீபாத்தாவின் குரல் மாறியிருந்தது.

"இந்தக் கடலோரத்துல நான் பார்த்ததே இல்லை இத்தா. கிழக்கேதான் நிறைய. மழை கம்மியான பக்கம், சோளக்காடு, வேலியோரம், மர நெழல்..."

"எப்ப வந்திருக்கும்?"

"ஒரு வருஷத்துப் புல்லு. மழைக்கு மொளைச்சு, கதிர் விட்டு, விதையைக் கொட்டிட்டுச் செத்துப்போகும். வேர்லேர்ந்து மறுபடி தழையாது. போன வருஷம் அங்க இல்லைன்னா, இந்த மழைக்குக் கொஞ்சம் முன்னாடிதான் விதை விழுந்திருக்கணும்."

"மதி, போதும்" என்று நசீபாத்தா எழுந்துவிட்டார்.

"இல்லை இத்தா, அது நிக்கற எடத்தைப் பார்க்காம, எப்படி வந்ததுன்னு..."

"மதி மோளே. எனக்கு வேண்டியது கிட்டிச்சு."

திரும்பும் படகில் நசீபாத்தா மட்டாஞ்சேரிக் கரை தெரியும்போதுதான் பேசினார். "மழைக்கு முன்னாடி. அவன் சாவி வாங்கினதுக்கு அப்புறம். கெழக்கேர்ந்து நம்ம பஜாருக்கு என்ன மூட்டை வரும், நீங்களே சொல்லுங்க."

வற்றல் மிளகாய் வரும். கொத்தமல்லியும் வரும், ஆனால் அவர் மனதில் இருந்தது எது என்று எனக்குத் தெரியும்.

"வத்தல் மிளகா" என்று அவரே சொன்னார். "மிளகாக்காக இல்ல சாரே. செவுரை வெள்ளையடிச்சுக்கலாம். என் கையைப் பிடிச்சுச் சொன்னான் அவன். கையைப் பிடிச்சுட்டுக் கள்ளம் சொன்னவன் கையில மோளை எப்படிக் கொடுப்பேன்?" அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குச் சங்கடமாகிவிட்டது.

அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டார். "வெள்ளிக்கெழமை வர்றேண்ணே. ஒரு காரியம் பேசணும். இல்ல, போன்ல பேசற காரியம் இல்ல." மாடிப்படியில் நின்றிருந்த எனக்கும் அது கேட்டது. பேசி முடித்த சம்பந்தத்தை முறிக்கத்தான் போகிறார் என்று தெரிந்துவிட்டது. உடன்பிறந்த அண்ணனோடு உறவும் அன்றோடு சரி.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு கூத்து. அன்சார் வெளியே போனதும் தன் சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே போவார், சுவர் சுவராக மோந்து பார்ப்பார். சுக்கு மணம்தான் வந்தது. அதற்கும் விடை வைத்திருந்தார்: "செவுரைக் கழுவியிருக்கான்." மூட்டைகளைக் குத்திப் பார்த்தார். மிளகுதான் கொட்டியது. "மாத்திட்டான்." ஒரு மனிதன் நிரபராதியாக இருப்பதற்கு அவர் வழியே வைக்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அடுத்த நாள் அன்சாரின் வண்டி சந்துக்குள் திரும்பும்போது, என்ன மூட்டை என்று நானே ஜன்னலில் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். இந்த வியாதி தொற்றுகிற வியாதி.

லமியா மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். வேலை முடிந்து வந்தவள் நேராக மாடிக்கு வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"சாரே, நேத்து அம்மாவைப் பாக்க அன்சார் வந்தான். சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுக் கை கால் கழுவப் போனான். நான் அந்தச் சட்டையை மோந்து பார்த்தேன்."

"மிளகா நெடி அடிச்சுதா?"

"இல்ல. சுக்குதான். ஒடனே எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? வேற சட்டை மாத்திட்டு வந்திருப்பானோன்னு." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அம்மா வேண்டாம்னு சொன்னா நான் சண்டை போடுவேன்னுதான் நெனச்சிருந்தேன். இப்ப போடமாட்டேன்னு தோணுது. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அவள் கீழே போனதும் ஸாதனாவுக்குப் போன் செய்தேன். கொச்சியில் காணாத புல் என்பதால் அவளும் ஒரு மாதிரி எடுத்துப் பாடம் செய்துவைக்க ஆசைப்பட்டாள். வியாழக்கிழமை மத்தியானம் பழைய செய்தித்தாள் கட்டோடு வந்து இறங்கினாள். நசீபாத்தா மறுக்கவில்லை. "வரட்டும். எல்லாரும் இருக்கும்போதே கேட்டுடலாம்" என்று அன்சாரையும் லமியாவையும் கிடங்கு முற்றத்துக்கு வரவழைத்தார்.

பாதாம் மரத்தடியில் புல் முழங்கால் உயரம் நின்றது. கதிர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு காற்றுக்குக்கூட அசையவில்லை. நசீபாத்தா ஒரு கதிரை ஒடித்து அன்சாரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"எனக்குத் தெரியாது மாமி. மழைக்கு மொளைச்ச புல்லுன்னு விட்டுட்டேன்."

"கெழக்கத்திப் புல்லு. கெழக்கத்தி மூட்டையில வந்துச்சு. என் கையைப் பிடிச்சு என்ன சொன்னே நீ?"

அன்சாருக்கு விஷயம் அப்போதுதான் விளங்கியது. முகம் வெளிறிவிட்டது. லமியாவைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்தாள். அது அவனை அடித்ததைவிட மோசமாக இருந்திருக்கவேண்டும். "உள்ள இருக்கற மூட்டை எல்லாத்தையும் பிரிச்சுக் கொட்டறேன் மாமி. வந்து பாருங்க" என்றான்.

"எதுக்கு? இதுக்குள்ள மாத்தியிருப்பே."

இந்தப் பேச்சு எதுவும் ஸாதனாவின் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அவள் புல்லின் ஓரமாகவே தரையைப் பார்த்துக்கொண்டு நடந்துபோனாள். மரத்துக்கு அந்தப் பக்கம் போய், மறுபக்கம் வெளியே வந்தாள்.

"மாமா, இது வட்டமான்னா நிக்கறது."

எல்லோரும் பார்த்தோம். அதுவரை நாங்கள் கதிரைத்தான் பார்த்திருந்தோம், நிற்கிற இடத்தைப் பார்க்கவில்லை. மரத்தைச் சுற்றிப் புல் வட்டமாக நின்றது. வட்டத்துக்கு வெளியே மதில் வரைக்கும் சாதாரண அருகம்புல்தான். மூட்டை இறக்கும் வாசல் பக்கம் ஒரு கதிர் கிடையாது.

"எரு விழுந்த மண்ணுன்னா இதுக்கு உசிர். இங்க என்ன கட்டியிருந்தது?" ஸாதனா மரத்தைத் தடவிப் பார்த்தாள். பட்டையில் கயிறு தேய்த்த தடம் இருந்தது. "ஆடா?"

ஆடுதான். வீட்டு முற்றத்தில் கட்டினால் அக்கம்பக்கத்தார் எதையாவது தின்னக் கொடுத்துவிடுவார்கள் என்று சம்சயப்பட்டு, பெருநாள் வரைக்கும் ஆட்டை இந்த மரத்தில்தான் கட்டிவைத்திருந்தார் நசீபாத்தா. கிழக்கிலிருந்து வந்த சோளத்தட்டையை அவர் கையாலேயே இங்கே பிரித்துப் போட்டார். கொச்சி ஆட்டை நம்பியிருந்தால், கொச்சித் தீனியை நம்பியிருந்தால், இந்த முற்றத்தில் இந்தப் புல் முளைத்தே இருக்காது.

"ஒரு சம்சயம்" என்றார் நசீபாத்தா. கிடங்குக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஆட்டுக் கயிறு இருந்தது. நல்ல கயிறு என்று கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்திருந்திருக்கிறார். அதை மரத்தில் பழைய தடத்திலேயே கட்டினார். மறு நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, கயிறு விறைக்கும் வரை பின்னால் போனார். புல் முடிந்த இடத்தில் கயிறும் முடிந்தது. அது போதவில்லை அவருக்கு. கயிற்றை இழுத்துப் பிடித்தபடி நடக்கத் தொடங்கினார். வேறு நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். லமியாவைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். ஒரு பக்கம் ஒட்டுப்புல்லும் மறு பக்கம் அருகம்புல்லுமாக, வட்டம் முழுவதையும் அவர் சுற்றி முடித்தார். எங்கேயும் தப்பவில்லை. புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்றபோது சேலையில் முழங்கால் வரைக்கும் கதிர்கள் ஒட்டியிருந்தன. கயிற்றைக் கையிலிருந்து அவிழ்க்கவும் மறந்து நின்றார்.

அன்சார் உள்ளே போய், பிளாஸ்கில் வைத்திருந்த சாயாவைத் தம்ளரில் ஊற்றி எடுத்துவந்தான். "நின்னுட்டே இருக்கீங்க மாமி. குடிங்க."

"அம்மா" என்றாள் லமியா மெல்ல. "நாளைக்கு இடக்கொச்சிக்குப் போறோமா?"

"போணும். பின்னே போகாம?" நசீபாத்தா கயிற்றைக் கையிலிருந்து அவிழ்த்தார். "நிக்காஹ் பிரியாணிக்கு யாரை ஏற்பாடு பண்ணியிருக்காங்கன்னு கேக்கணும். அந்த ஆளு மேல எனக்கு ஒரு சம்சயம்."

லமியா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இரண்டும் சேர்ந்த ஒரு சத்தம் வந்தது. நசீபாத்தா தம்ளரை வாங்கினார். அது வழக்கம்போல மூக்கை நோக்கி உயர்ந்தது. பாதியில் நின்றது. எதிரே அன்சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் துப்பட்டியின் நுனியை எடுத்து மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு, சாயாவை ஒரே மூச்சில் குடித்தார்.